நாய்க்கு மைக்ரோசிப்: சிப் நல்ல பொருள்தான், பதிவில்தான் கோட்டை விடுகிறோம்

வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப் போட வேண்டுமா என்று கேட்டால் எங்கள் பதில், போடுங்கள். சென்னையில் இந்தக் கேள்விக்கே இப்போது இடமில்லை. மாநகராட்சி உரிமத்தோடு சிப்பும் கட்டாயமாகிவிட்டது, உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் சிப் போட்டுவிட்டோம், இனி நாய் தொலையாது என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. அவர்களுக்காகவே இந்த மதிப்புரை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கிவிடுவோம். மைக்ரோசிப் ஜிபிஎஸ் கருவி இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைபேசிக்கு அது எதையும் அனுப்பாது. அதற்குள் பேட்டரி கிடையாது. உங்கள் பெயரோ முகவரியோ கூட அதில் இல்லை. இருப்பது ஒரே ஒரு 15 இலக்க எண். யாரோ ஒருவர் நாயைப் பிடித்து, ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், எண்ணைப் படித்து, அந்த எண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேடி, அங்கே உள்ள கைபேசிக்கு அழைக்க வேண்டும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் சிப் போட்டதன் பயன் போய்விடும்.

பொருள் எப்படி இருக்கிறது?

வழக்கமான சிப் 12 மி.மீ. நீளம், 2 மி.மீ.க்குச் சற்று மேல் தடிமன். நீளமான அரிசி மணி அளவுதான். உடல் ஏற்றுக்கொள்ளும் கண்ணாடிக் குப்பிக்குள் ஃபெரைட் தண்டு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், ஒரு சிறு மின்தேக்கி, எண்ணைத் தாங்கிய சில்லு ஆகியவை இருக்கும். ஸ்கேனர் அருகில் வரும்போது அது வெளியிடும் ரேடியோ அலையிலிருந்தே சுருள் மின்சாரம் எடுத்துக்கொண்டு எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. தேய்மானம் இல்லாததால் நாயின் ஆயுள் முழுக்க உழைக்கும். படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். பெரிய ஸ்கேனராக இருந்தால் கொஞ்சம் கூடும். தெருவில் போகிற நாயைத் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய முடியாது.

இதைவிடச் சிறிய 8 மி.மீ. நீள, 1.4 மி.மீ. தடிமன் சிப்பும் உண்டு. பொமரேனியன், சிவாவா போன்ற சிறு நாய்களுக்கும் சின்னக் குட்டிகளுக்கும் ஊசி மெல்லியதாக இருப்பது பெரிய ஆறுதல். படிக்கும் தூரம் சற்றுக் குறையும் என்பது அதன் குறை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களுக்கு, அதிலும் உடல் பெருத்தவற்றுக்கு, 12 மி.மீ. சிப்பையே கேட்டு வாங்குவது நல்லது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை: ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்ற இரண்டு தர எண்கள், 134.2 கிலோஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை, கிருமி நீக்கம் செய்த உறையின் காலாவதித் தேதி. அமெரிக்காவில் முன்பு பரவலாக இருந்த 125 கிலோஹெர்ட்ஸ் சிப்களில் 9 அல்லது 10 இலக்கங்களே இருக்கும். ஐ.எஸ்.ஓ. ஸ்கேனர் மட்டும் வைத்திருப்பவர் அதை ஸ்கேன் செய்தால் சிப்பே இல்லை என்றுதான் காட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் சிப் வாங்கி மருத்துவரிடம் கொடுத்துப் போடச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கவனியுங்கள். 356 இந்தியாவின் குறியீடு. 9-இல் தொடங்கினால் அது உற்பத்தியாளரின் குறியீடு. விலங்குப் பதிவுக்கான பன்னாட்டு அமைப்பான ஐகார் இதை ஒதுக்குகிறது. (நம் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் இதே சுருக்கப் பெயர்தான். இது வேறு அமைப்பு.) எந்தக் குறியீடு எந்த நிறுவனத்துடையது என்ற பட்டியல் ஐகார் இணையதளத்தில் இருக்கிறது. 900 மட்டும் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் குறியீடு, ஆகவே அதை வைத்து நிறுவனத்தைச் சொல்லிவிட முடியாது. 999-இல் தொடங்கினால் அது சோதனைக்கான எண். அந்தச் சிப்பை வாங்கவே கூடாது.

போடும் முறை

ஐந்து நிமிட வேலை. மயக்க மருந்து தேவையில்லை. ஆனால் எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதை வைத்தே மருத்துவமனையின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

முதல் வேலை, நாயை ஸ்கேன் செய்வது. ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். தத்தெடுத்த நாய், கை மாறி வந்த நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. சென்னையில் தெருநாய்களுக்கும் சிப் போடும் பணி நடக்கிறது. இரண்டாவது, உறையைப் பிரிக்காமலே புதிய சிப்பை ஸ்கேன் செய்து, திரையில் வரும் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. பழுதான சிப்பை உள்ளே செலுத்திவிட்டு வருந்துவதை இது தடுக்கும்.

பிறகுதான் ஊசி. நம் ஊரில் வழக்கமான இடம், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே முதுகின் மேல்பகுதி. ஐரோப்பாவின் பல நாடுகளில் கழுத்தின் இடப்பக்கம். முடியை விலக்கி, ஸ்பிரிட் தடவி, அது காய்ந்ததும் தோலைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்வாகத் தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். வழக்கமான சிப்புக்கு 12 கேஜ் ஊசி. தடுப்பூசிக்கான ஊசியைவிடப் பல மடங்கு தடிமனானது, அதனால் சில நாய்கள் வீல் என்று கத்தும். வலி அந்த நொடியோடு போய்விடும். ஊசிக்குழலின் உலக்கையை, அதாவது விரலால் தள்ளும் தண்டை, முழுவதும் தள்ளிய பிறகே ஊசியை வெளியே இழுக்க வேண்டும். இழுத்ததும் துளையை விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கடைசியாக மறுபடி ஸ்கேன். இந்தக் கடைசி ஸ்கேனை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் திரையில் தெரியாமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், சிப் உள்ளே போகாமலே போவதற்கு வழிகள் உண்டு. தோலை அதிகம் கிள்ளிப் பிடித்தால் ஊசி மறுபக்கம் துளைத்து வெளியே வந்துவிடும். சிப் முடிக்குள் விழுந்து கிடக்கும். அடர்ந்த முடியுள்ள நாய்களில் இது யார் கண்ணுக்கும் படாது. உலக்கையைத் தள்ளி முடிப்பதற்குள் ஊசியை இழுத்தால் சிப் துளை வழியாகவே பின்னால் வந்துவிடும். சிப்பைச் சுற்றித் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். முதல் இரண்டு நாள் அந்த இடத்தைத் தேய்க்கவோ, குளிப்பாட்டவோ, இறுக்கமான உடற்பட்டை போடவோ வேண்டாம்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இவை கொழுப்பில்லாத மெலிந்த உடல்வாகு. தோலும் மெல்லியது, முடியும் குட்டை. ஊசி செங்குத்தாகப் போனால் தசைக்குள் இறங்கிவிடும், மேலாகப் போனால் தோலோடு ஒட்டி நின்றுவிடும். சரியாகப் போட்ட பிறகும் சிப் விரலில் தட்டுப்படுவது இந்த இனங்களில் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தட்டுப்படுகிறதே என்று தினமும் தடவி நகர்த்திப் பார்க்காமல் இருந்தால் போதும்.

எப்போது போடலாம், எப்போது தள்ளிப்போடலாம்?

குட்டிக்கு 8 வாரம் ஆன பிறகு தடுப்பூசிக்குப் போகும்போதே போட்டுக்கொள்ளலாம். ஊசியைக் கண்டாலே கடிக்க வரும் நாயாக இருந்தால் கருத்தடைக்காக மயக்கம் கொடுக்கும் நாளில் போடச் சொல்வது இருவருக்கும் நல்லது. துள்ளுகிற சின்னக் குட்டியை ஒருவரே பிடித்துக்கொண்டு ஒருவரே குத்தக் கூடாது. அப்படித் திமிறியபோது சிப் முதுகுத்தண்டுக் கால்வாய்க்குள் போய்க் கால்கள் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது, ஆனால் பிடிப்பதற்கு இன்னொரு ஆள் இருந்தாலே தவிர்க்கக்கூடியது.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு: உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா தொற்று வந்த நாய்க்கு, ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் சரிந்திருக்கும். அந்த நேரத்தில் 12 கேஜ் ஊசி குத்தினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டி வீங்கிவிடும். சோர்வு, காய்ச்சல், ஈறில் வெளுப்பு, மூக்கில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் ரத்தப் பரிசோதனை முடித்து, சிகிச்சை முடிந்து, தட்டுகள் தேறிய பிறகு போடலாம். உரிமத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது என்பதற்காக நோயுற்ற நாயைக் கூட்டிப் போகாதீர்கள். சிகிச்சை நடப்பதற்கு மருத்துவரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுதான் பலவீனமான இடம்

2009-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 53 காப்பகங்களுக்கு வந்த சிப் உள்ள 7,704 விலங்குகளை ஆராய்ந்தார்கள். காப்பகத்துக்கு வந்த தொலைந்த நாய்களில் மொத்தமாக 21.9 சதவீதம் உரிமையாளரிடம் திரும்பின. சிப் இருந்த நாய்களில் அது 52.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல் என்பதே சிப்புக்கு ஆதரவான வலுவான சான்று.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத விலங்குகளில் 35.4 சதவீதத்துக்குக் காரணம் தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். 24.3 சதவீதத்தில் உரிமையாளர் திரும்ப அழைக்கவோ கடிதத்துக்குப் பதில் எழுதவோ இல்லை. 17.2 சதவீதத்தில் சிப் வேறொரு பதிவேட்டில் இருந்தது. சிப் தன் வேலையைச் செய்தது, மனிதர்கள் செய்யவில்லை.

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்குச் சிப் கட்டாயம். அங்கே சிப் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட பதிவேட்டில் உரிமையாளர் விவரம் நடப்பு நிலையில் இருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தும் 21 நாளில் சரிசெய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். சட்டத்தின் கவனம் சரியான இடத்தில் இருக்கிறது. இந்தியாவிலோ நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு இல்லை. மாநகராட்சியின் பதிவு தனி, சிப் நிறுவனத்தின் பதிவு தனி, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் பதிவு தனி. சென்னையில் உரிமம் எடுத்த நாய் கோடை விடுமுறையில் மதுரையில் தொலைந்தால், அங்கே ஸ்கேன் செய்பவருக்கு வெறும் 15 இலக்கம்தான் கையில் கிடைக்கும். அதை எங்கே போய்த் தேடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சேவைக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்பது இங்கேதான்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. சிப் போட்ட அன்றே, "இந்த எண்ணை யார் பதிவு செய்வார்கள், நீங்களா நானா?" என்று கேளுங்கள். மருத்துவமனை செய்யும் என்றால் முடிந்ததற்கான குறுஞ்செய்தி அல்லது சான்று வரும்வரை விடாதீர்கள். இரண்டு கைபேசி எண்கள் கொடுங்கள், இரண்டாவது வேறு வீட்டில் இருக்கும் உறவினருடையதாக இருக்கட்டும். மாநகராட்சி உரிமம், சிப் நிறுவனத்தின் இணையப் பதிவு இரண்டிலும் ஒரே விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் உள்ள நாயென்றால் அதிலும் இந்த எண்ணே இருக்க வேண்டும். சிப்போடு வரும் ஸ்டிக்கர்களில் ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டுங்கள், இன்னொன்றை வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். வீடு மாறினாலோ சிம் மாற்றினாலோ கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு வரிசையில் நாயின் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாயென்றால், நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 ஆம் ஆண்டு மத்திய விதிகள் விற்பனைக்கான நாய்களுக்குச் சிப் போடச் சொல்கின்றன. குட்டியோடு சிப் எண்ணையும் உரிமை மாற்றத்துக்கான கையெழுத்தையும் கேட்டு வாங்குங்கள். பதிவு வளர்ப்பாளர் பெயரிலேயே கிடந்தால், நாய் கிடைத்தாலும் அழைப்பு அவருக்குத்தான் போகும். திருட்டு வழக்கிலும் உங்கள் பக்கம் வலு இருக்காது.

கட்டணம் கேட்கும்போது சிப்பின் விலை, போடும் கூலி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்ததா, பதிவைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் பணம் உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் முகாம் நடக்கும்போது தடுப்பூசி, சிப், உரிமம் ஆகியவை ஒரே இடத்தில் முடிந்துவிடும். கூட்டம்தான் தொல்லை. பயந்த சுபாவமுள்ள நாயானால் வாய்மூடி போட்டு, காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது.

ஸ்கேன் செய்தும் எண் வராவிட்டால்

சிப் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை பல. ஸ்கேனரின் பேட்டரியைப் பாருங்கள். நாயின் கழுத்திலிருக்கும் இரும்புச் சங்கிலியைக் கழற்றுங்கள். இரும்பு மேசை, கணினித் திரை அருகிலிருந்து விலகி நில்லுங்கள். தோள்பட்டையில் தொடங்கி, ஸ்கேனர் உடம்பில் படும்படி மெதுவாக வளைந்து வளைந்து நகர்த்துங்கள். கம்பிச் சுருளின் திசை ஒத்துவராவிட்டால் படிக்காது என்பதால் ஸ்கேனரைத் திருப்பி, குறுக்காகவும் ஒருமுறை பாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் கழுத்தின் இரு பக்கமும், தோளும், முன்னங்காலின் முழங்கை வரையும், மார்பும். சிப் நகர்வது நடக்கக்கூடியதே; பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் போகும். அதனால் நாய்க்குத் தீங்கு இல்லை, தேடுபவருக்குத்தான் சிரமம். எங்குமே வரவில்லை என்றால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்.

உடல்நலக் கவலைகள்

புற்றுநோய் வருமா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. ஆய்வக எலிகளில் சிப்பைச் சுற்றிக் கட்டி வளர்ந்ததாக ஆய்வுகள் உண்டு. நாய்களில் 2004-லும் 2006-லும் தனித்தனி நிகழ்வுகள் வெளியாகியிருக்கின்றன. 2006-இல் சொல்லப்பட்ட பிரெஞ்சு புல்டாக்குக்கு அதே பகுதியில் தடுப்பூசிகளும் போடப்பட்டிருந்ததால் காரணம் எது என்று பிரிக்க முடியவில்லை. சிப் போட்ட கோடிக்கணக்கான நாய்களோடு வைத்துப் பார்த்தால் இந்த ஆபத்து மிகச் சிறியது. தொலைந்த நாய் வண்டியில் அடிபடும் ஆபத்தோ கண்முன்னே இருக்கிறது. தடுப்பூசியைச் சிப் உள்ள இடத்தில் போடாமல் வேறு இடத்தில் போடச் சொல்லுங்கள். வேறு ஊசி போடும்போதும் அந்த இடத்தைத் தவிர்க்கட்டும். பின்னால் ஒரு கட்டி தோன்றினால் எதனால் என்று கண்டுபிடிக்க அது உதவும்.

போட்ட இடத்தில் லேசான வீக்கம் ஓரிரு நாளில் வற்றும். சீழ், சூடு, நான்கைந்து நாள் தாண்டியும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் சிப் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சிப்பைச் சுற்றியுள்ள பகுதி படத்தில் மங்கும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

இங்கே சிப் உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, நிபந்தனை. வரிசை தப்பினால் மாதங்கள் வீணாகும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் நாயைக் கொண்டுபோக முதலில் சிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி. தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புத் திறன் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தடுப்பூசி முதலில், சிப் பிறகு என்று செய்திருந்தால் அந்தத் தடுப்பூசி கணக்கில் வராது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அமெரிக்காவும் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாத வயதையும் சிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது; ரேபிஸ் அதிகமுள்ள நாடாக இந்தியா பட்டியலில் இருப்பதால் கூடுதல் சான்றுகளும் வேண்டும். சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் 15 இலக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் படியுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

சிப்போடு சேர்த்து

கழுத்துப்பட்டையில் கைபேசி எண் பொறித்த வில்லையைக் கைவிட்டுவிடாதீர்கள். பக்கத்துத் தெருக்காரர் வீட்டில் ஸ்கேனர் இருக்காது, ஆனால் எண்ணைப் படித்து உடனே அழைப்பார். பட்டை கழன்றுபோகும், திருடியவன் அறுத்தெறிவான். அப்போது மிஞ்சுவது சிப். ஜிபிஎஸ் பட்டைக்குச் சார்ஜ் வேண்டும், சிம் வேண்டும். வேட்டை நாய் போல ஓடும் இனங்களுக்கும் தோட்ட வீடுகளுக்கும் அந்தச் செலவு தகும். அடுக்குமாடியில் இருக்கும் பக் இன நாய்க்குத் தேவையில்லை.

வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போகும்போது ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், சிப் நகர்ந்திருந்தால் இடத்தைப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு பதிவேட்டில் கைபேசி எண்ணைச் சரிபாருங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கதவு திறந்திருந்த நொடியில் ஓடிவிடும் நாய்கள் அதிகம். நாய் தொலைந்துவிட்டால் அதே மணி நேரத்தில் சிப் எண்ணோடு அக்கம்பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளுக்கும், மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையங்களுக்கும், பதிவேட்டுக்கும் தகவல் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரிலும் அந்த எண்ணை எழுதுங்கள்.